அக்கா தண்ணீர் குடிக்காமல் போன பயணம்

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்காமலே வருகிற ஒரு வித்தை உண்டு. நாளைக்குப் பயணம் என்றால் இன்றைக்குச் சாயந்திரம் பொழுதோடவே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கோயிலுக்கு வேன் பிடித்துப் போனாலும் சரி, சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனாலும் சரி, ஏறும்போது நாக்கு நனைகிற அளவுக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். வழியில் யாராவது காபி நீட்டினால் இப்போதுதான் குடித்தேன் என்று கூசாமல் பொய் சொல்வார்கள். பள்ளிபாளையத்தில் நான் வேலை பார்த்த தறிப்பட்டறையில் கக்கூஸ் சாவி முதலாளி வீட்டு ஆணியில் தொங்கும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாரில் நூல் சுற்றிய பெண் ஒருத்தி சொல்வாள்: "நான் தண்ணி குடிக்கலையின்னா எவங்கிட்டயும் போயிச் சாவி கேக்கற வேலையில்ல பாரு." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது எனக்கு அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை, வயிறு எரிகிறது.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கையில் கிடைத்ததைப் படித்ததும், ஜனங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டதும்தான். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. ரத்தக்குழாய் பற்றியும் சிறுநீரகம் பற்றியும் இங்கே எழுதப் போவதுகூட அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கற்றுக்கொண்ட பாடம்.

அக்காவுக்கு ஜேடர்பாளையம். தடுப்பணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கொஞ்சம் வாழை, கொஞ்சம் மரவள்ளி, இரண்டு எருமை. மாமா இறந்த பிறகு அவ்வளவையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். எங்களுக்கு நடுவில் பிறந்தவர் அண்ணன், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறார். ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் போர் போட்டு வந்தவர். அக்காவுக்கு அவர் தம்பி, எனக்கு அண்ணன், ஊருக்குப் பெரிய மனுஷர்.

போன வருடம் வெயில் ஏற ஆரம்பித்த சமயத்தில் அக்காவுக்கு முதுகு வலி. எருமைக்குத் தீவனம் தூக்கித் தூக்கி வந்த வலி என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்ட உடனே அட்டையிலிருந்து வெட்டிக் கொடுப்பார்களே, அந்த வலி மாத்திரை. காலையில் ஒன்று, பொழுதோட ஒன்று. வலி போகவில்லை. சிறுநீரகத்தில் கல் இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, நாமக்கல்லில் போய் ஸ்கேன் எடுத்தாள். கல் இல்லை. இருதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கி வருகிற பெரிய ரத்தக்குழாய், தொப்புளுக்கு மேலே ஓரிடத்தில் பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பிப் போயிருந்தது. குழாயின் சுவர் இற்றுவிட்டது, வெடித்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்காது, கோயமுத்தூர் போய்ப் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அக்கா எனக்குப் போன் செய்து சொன்னது இவ்வளவுதான்: "கல்லு இருக்குதான்னு பாக்கப் போனேன் பாப்பா. குண்டு இருக்குதுன்னு அனுப்பிச்சிருக்கறாங்க."

அந்த நிமிடத்திலிருந்து அக்காவின் வயிறு அக்காவின் கையை விட்டுப் போய்விட்டது. எங்கள் பக்கத்து முறை அப்படி. பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஆண்கள் கூடிப் போக வேண்டும். பேசுவதற்கு நாலு பேர் வேண்டும் என்பார்கள். எதைப் பேசுவார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன், அக்காவின் கொழுந்தனார், அக்கா மகன், டிரைவர் என்று ஒரு கார் நிறைந்துவிட்டது. நானும் வருகிறேன் என்றேன். இடம் இல்லை என்றார் அண்ணன். இடம் இருந்தாலும் நீ வந்து என்ன பேசப் போகிறாய் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனுடைய போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் அங்கிருந்து கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார்களாம். ரத்தக்குழாய்க்குள் சாயமருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்பதால் காலையில் சாப்பிடாமல் வர வேண்டும். ஆனால் இன்றிலிருந்தே தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வர வேண்டும், அந்த மருந்தைச் சிறுநீரகம்தான் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். அண்ணன் அதை அக்காவிடம் இப்படிச் சொன்னார்: காத்தால ஒண்ணும் சாப்பிடாதீங்க, தண்ணி வேணும்னா குடிச்சுக்குங்க. சிறுநீரகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தாராம்.

அக்காவுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. அவள் முதல் நாள் பொழுதோடவே நிறுத்திவிட்டாள்.

விடிகாலையில் பள்ளிபாளையம் பாலத்துக்கு முன்னால், என் வீட்டு வாசலில் காரை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். ஒரு பாட்டில் சீரகத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பின் சீட்டில் நடுவில் இருந்தாள், ஒரு பக்கம் கொழுந்தனார், ஒரு பக்கம் மகன். கொழுந்தனார் மேல் புடவை பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு, உடம்பைச் சுருக்கி, கூடைக்குள் வைத்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கார் பாலத்தில் ஏறிப் போய்விட்டது.

பெருந்துறை தாண்டி ஒரு கடையில் நிறுத்தி ஆண்கள் எல்லாரும் டீ குடித்திருக்கிறார்கள். குடித்துவிட்டு ஆளாளுக்கு ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் வந்திருக்கிறார்கள். அக்கா காருக்குள்ளேயே இருந்தாள். வெறும் வயிற்றோடு போக வேண்டியவளுக்கு டீ கிடையாது, டீ கிடையாது என்பதால் இறங்க வேண்டிய வேலையும் கிடையாது என்று யாரும் பேசாமலே முடிவாகிவிட்டது. நான்கு ஆண்களுக்கும் மூத்திரம் வரும். அவர்களை விட வயதில் மூத்த, நோயாளிப் பெண்ணுக்கு மட்டும் வராது.

சாயம் ஏற்றியதும் உடம்பெல்லாம் சூடு பரவும் என்று ஸ்கேன் அறையில் சொல்லித்தான் ஏற்றியிருக்கிறார்கள். அக்காவுக்கு அடிவயிற்றில் குபீரென்று சூடானதும், படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டோம் என்று நினைத்து உயிரே போய்விட்டதாம். இறங்கிய பிறகு விரிப்பைத் தடவிப் பார்த்தாளாம். காய்ந்துதான் இருந்ததாம். அந்த நிம்மதி கெட்டுவிடக் கூடாது என்று வீடு வந்து சேரும் வரைக்கும் ஒரு வாய்கூடத் தண்ணீர் குடிக்கவில்லை.

பொழுது இறங்கும் நேரத்தில் பாட்டில் என் கைக்குத் திரும்பி வந்தது. மூடி திருகாமல், நான் நிரப்பிக் கொடுத்தபடியே இருந்தது. கார் ஜன்னல் வழியாக ஏனுங்கக்கா குடிக்கல என்று கேட்டேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவிய ஆம்பளைங்கெல்லாம் உக்காந்திருக்கறப்ப வண்டிய நிறுத்துன்னு எப்படிச் சாமி சொல்லறது" என்றாள். முன் சீட்டில் அண்ணன் யாரிடமோ போனில், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மூன்று நாளில் அக்காவுக்குக் குமட்டல். சோற்றைப் பார்த்தாலே ஓங்கரித்தாள். ஒன்றுக்குப் போவது குறைந்து, போனாலும் கொஞ்சமாக, கருத்துப் போயிற்று. ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற எண் இருக்க வேண்டியதற்கு இரண்டு பங்காக ஏறியிருந்தது. அது இறங்காமல் ஆபரேஷன் செய்ய முடியாது, செய்தால் வாழ்நாளெல்லாம் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போன் யாருக்கு வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அண்ணன் கொழுந்தனாருக்குச் சொன்னார். அக்கா மகனுக்குச் சொன்னார். அக்காவிடம், டாக்டர் வெளியூர் போய்விட்டார், தேதி தள்ளிப் போகிறது என்றார். என்னிடமும் அதையேதான் சொன்னார். வயிற்றில் வெடிக்கக் காத்திருக்கிற குழாய், பக்கத்தில் படுத்துப்போன சிறுநீரகம். இரண்டையும் சுமந்துகொண்டிருந்தவளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவளோ கை கால் எல்லாம் வலிக்கிறது என்று அந்த வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் என் அக்கா ஏமாறுகிற ஆள் இல்லை. மகன் திடீரென்று லீவு போட்டுவிட்டு வந்து நின்றதுமே மோப்பம் பிடித்துவிட்டாள். எனக்குப் போன் செய்து, பையன் காலை அமுக்கி விடுகிறான், அவன் பிறந்ததிலிருந்து இப்படி அமுக்கியதில்லை, என்னமோ பெரிய கேடு வந்திருக்கிறது, நீ கிளம்பி வா என்றாள். கூலிக்கு மடித்துக்கொண்டிருந்த லுங்கிக் கட்டை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போனபோது அண்ணனும் வந்திருந்தார். எருமைக் கொட்டகைப் பக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு போய், உண்மையைச் சொல்லாமல் இங்கிருந்து நகர முடியாது என்றேன். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துப் பார்த்தார். பிறகு கிட்னி போய்விட்டது போலிருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஏன் மறைத்தீர்கள் என்றதற்கு, "சொன்னா அக்கா தாங்குமா? பொம்பள மனசு" என்றார்.

பின்னால் அக்கா நின்றிருந்தாள். கையில் தவிட்டுச் சட்டி.

"என்ற வயித்துல இருக்கறது ஊருக்கெல்லாம் தெரியுது. எனக்கு மட்டும் தெரியக் கூடாதா தம்பி?"

அக்கா சட்டியை எருமை முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழவில்லை. இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்டாள். தாங்க மாட்டாள் என்று நினைத்தவர்தான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே நாமக்கல்லில் சிறுநீரக டாக்டரிடம் அக்காவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் காரில் வந்து அங்கே சேர்ந்துகொண்டார். அந்த டாக்டர் ஒரு பெண். உள்ளே போனதும் அண்ணன் வழக்கம் போலப் பேச ஆரம்பித்தார். டாக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "ஸ்கேனுக்கு முந்தின நாள் எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

அக்கா பெருமையோடு சொன்னாள்: "ஒரு சொட்டுக் குடிக்கலீங்க. கார்ல ஆம்பளைங்க கூடப் போறமுங்களே."

அந்தப் பெருமைதான் என்னை உலுக்கிவிட்டது. பரீட்சையில் முதலாவது வந்த பிள்ளை சொல்வது போலச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தினமும் நாலு பேரிடம் இந்தப் பதிலைக் கேட்பவர் போல இருந்தது அவர் முகம். கோபமும் சலிப்பும் கலந்த முகம்.

பிறகு விளக்கினார். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். உடம்பில் தண்ணீர் இல்லாவிட்டால் இன்னும் குறையும். அந்த நிலைமையில் சாயமருந்தும் சேர்ந்தால் சிறுநீரகம் சுருண்டுவிடும். இது முழுக்கப் போய்விடவில்லை, அடிபட்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்தி, நான் சொல்கிற அளவு தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தேறும் என்றார். அப்புறம் கோயமுத்தூர் ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் போட்டு அக்காவுக்கே காட்டினார். பெரிய குழாய் மேலிருந்து வருகிறது. வலது பக்கம் ஒரு கிளை, இடது பக்கம் ஒரு கிளை, இரண்டு சிறுநீரகத்துக்கும் போகின்றன. அந்தக் கிளைகளுக்குச் சற்றுக் கீழே வீக்கம் ஆரம்பிக்கிறது. வயிற்றைக் கிழிக்காமல், தொடை இடுக்கு வழியாகத் துணி சுற்றிய கம்பிக் குழாய் ஒன்றை உள்ளே அனுப்பி வீக்கத்துக்கு உள்பக்கமாக விரித்துவிடுவார்கள். அதற்குப் பெயர் ஸ்டென்ட் கிராஃப்ட். ரத்தம் அதற்குள்ளேயே போய்விடும், இற்ற சுவரின் மேல் அழுத்தம் விழாது. ஆனால் அந்தத் துணி கொஞ்சம் மேலே ஏறினாலும் சிறுநீரகக் கிளையின் வாயை மூடிவிடும். உங்களுக்கு இடது சிறுநீரகத்துக்கு மெலிசாக இன்னொரு கிளையும் இருக்கிறது, அது வீக்கத்திலிருந்தே கிளம்புகிறது, அதை மூடாமல் முடியாது. அந்தக் கிளை ரத்தம் கொடுக்கிற துண்டுப் பாகம் செத்துப்போகும். அதனால்தான் மீதி இருக்கிற சிறுநீரகம் பலமாக இருக்க வேண்டும், என்றார்.

அண்ணன் முகம் பளிச்சென்று மாறியது. நம்ம கேசிங் பைப் மாதிரிங்களா என்று கேட்டார். போரில் மண் சரியாமல் இருக்கக் கேசிங் இறக்குவோம், ஊற்றுக்கண் இருக்கிற இடத்தில் பைப்பு மூடிக்கொண்டால் தண்ணீர் வராது, அளவு பார்த்துத்தான் இறக்க வேண்டும் என்றார். கிட்டத்தட்ட அதேதான் என்று டாக்டர் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவுக்கு வந்து நின்று, போனில் ஒவ்வொருவருக்கும் கேசிங் பைப் பாடம் நடத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாறைக்கு அடியில் எத்தனை அடியில் ஈரம் இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிற மனுஷன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கூடப்பிறந்தவள் வாய் காய்ந்து கிடக்கிறாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. நேராகவே கேட்டுவிட்டேன்: "இத்தன வெவரம் தெரிஞ்ச நீங்க அன்னிக்கு வண்டிய ஒரு எடத்துல நிறுத்தி, அக்கா எறங்கறீங்களான்னு கேட்டிருக்கலாமில்லீங்கண்ணா?"

"அக்கா கேக்கவே இல்லையே பாப்பா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என் கோபத்தை இன்னும் கிளறியது. கேட்காதவளாக அவளை வளர்த்து வைத்துவிட்டு, கேட்கவில்லையே என்கிறார்கள்.

அதற்குப் பிறகு காத்திருந்த காலம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. சிறுநீரகம் தேறும் வரை வீக்கம் பொறுத்துக்கொள்ள வேண்டும். திடீரென்று முதுகோ வயிறோ வலித்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா இருமினால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அவளோ, நான் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற ஒவ்வொரு முறையும், வாழைக்குப் பாய்ச்சுகிற மாதிரி பாய்ச்சுகிறாயே என்று கேலி செய்தாள். வீட்டில் இருக்கும்போது தண்ணீர் குடிக்க அவளுக்கு ஒரு தடையும் இல்லை. தாகமும் இருந்தது. இத்தனை வருஷமாக அந்தத் தாகத்தை யாருக்காக அடக்கினாள் என்று நினைத்தால் எனக்கு யாரை உதைப்பது என்று தெரியவில்லை.

பார்க்க வந்த ஒறம்பரை சும்மா போகவில்லை. ஆரஞ்சையும் பிஸ்கட்டையும் வைத்துவிட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வாழைத்தண்டுச் சாறு என்றார் ஒருவர், என்னமோ வேர்க் கஷாயம் என்றார் இன்னொருவர். டாக்டர் எதையும் கொடுக்கக் கூடாது என்றிருந்ததால் நான் கதவோரம் காவல் நாய் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வயதான ஒருவர், இந்த வயசுக்கு மேல் எதற்கு ஆபரேஷன், இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். மாமாவுக்கு இருதயத்தில் அடைப்பு வந்தபோது, எப்பாடுபட்டாவது செய்துவிட வேண்டும் என்று நின்றவர் அதே மனுஷர்தான். கட்டிலில் படுத்திருந்த அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "இருக்கற வரைக்கும்னா எது வரைக்குமுங்க? வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் போதுமுங்களா?" என்று மரியாதையாகவே கேட்டாள். அவர் கொண்டுவந்த பிஸ்கட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளாத குறையாகக் கிளம்பிப் போனார்.

எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பழைய இடத்துக்கு முழுதாக வரவில்லை. ஆனால் செய்யலாம் என்று இரண்டு ஊர் டாக்டர்களும் ஒத்துக்கொண்டார்கள். நாள் குறித்தார்கள். இந்தத் தடவை போன் அக்காவுக்கே வந்தது. வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே வாருங்கள், இங்கே சேர்ந்ததும் நரம்பிலும் ஏற்றுவோம் என்றார்கள்.

காரில் நானும் ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கொழுந்தனார் முன் சீட்டுக்குப் போனார், அண்ணன் வண்டி ஓட்டினார். அக்கா ஈரோடு தாண்டும் முன்பே ஒரு பாட்டிலை முடித்துவிட்டாள். பைபாஸில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அவள் விரல் சீட்டு நுனியை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. நான் வாயைத் திறக்கப் போனேன். என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி என்னை அடக்கினாள். சரி, பழையபடி அடக்கப் பார்க்கிறாள், விடக் கூடாது என்று நினைத்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"தம்பி, வண்டிய நிறுத்து. எனக்கு ஒண்ணுக்கு வருது."

கொழுந்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முன்னால் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணன் அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பினார்.

அந்தப் பங்கின் அழகைச் சொல்ல வேண்டும். முன்னால் புல்தரை, கொடி, வாழ்த்துப் பலகை எல்லாம் இருந்தது. பெண்கள் கழிப்பறைக் கதவில் பூட்டு. சாவி கேட்டால் மேனேஜரிடம் இருக்கிறதாம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறாராம். ஜன்னல் சந்து வழியாகப் பார்த்தேன். உள்ளே ஆயில் டப்பாவை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆண்கள் பக்கம் மட்டும் அகலத் திறந்து கிடந்தது. நான் கத்த ஆரம்பித்தேன். பெண்ணுக்குப் பூட்டு, டப்பாவுக்கு அறை, இதற்கு வெளியே படம் வேறு வரைந்து வைத்திருக்கிறீர்களே என்றேன். நிர்வாகத்தைக் கேளுங்கள் என்றான் பைப்பைப் பிடித்திருந்தவன். வயிற்றில் வெடிக்கிற குழாயோடு ஒருத்தி நிற்கிறாள், நான் எந்த நிர்வாகத்தைப் போய்க் கேட்பது?

அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. நேராக ஆண்கள் பக்கம் நடந்தாள். உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று சத்தமாகக் கேட்டாள். பதில் இல்லை. "தம்பி, இங்க வந்து நில்லு" என்று அண்ணனைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராஜஸ்தான் வரை போய் வந்த பெரிய மனுஷர், வெள்ளைச் சட்டையோடு பெட்ரோல் பங்குக் கக்கூஸுக்குக் காவல் நின்றார். ஒரு லாரி டிரைவர் அவசரமாக வந்தார். அண்ணன் கையை நீட்டி மறித்து, "கொஞ்சம் இருங்க, அக்கா உள்ள இருக்கறாங்க" என்றார். டிரைவர் பூட்டிய கதவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வரும்போதும் இதே கதைதான் என்று சொல்லி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

மறுநாள் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தோம். அண்ணன் அன்றைக்கு யாருக்கும் போன் செய்யவில்லை. முடிந்ததும் டாக்டர் வந்து, குழாய் சரியாக உட்கார்ந்துவிட்டது, சிறுநீரகத்துக்குப் போகிற பெரிய கிளை இரண்டிலும் ரத்தம் நன்றாக ஓடுகிறது, சாயமருந்தை முடிந்த மட்டும் குறைத்துத்தான் போட்டோம் என்றார். இடது பக்கத்து மெலிசான கிளையைச் சொன்னபடி மூட வேண்டியதாயிற்று. இனிமேல் சிறுநீர் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் என்றார்.

படுக்கைக்குப் பக்கத்தில் பை ஒன்று தொங்கியது. அடியில் கொஞ்சமாக, தேன் நிறத்தில் இருந்தது. நான், அண்ணன், பெங்களூரிலிருந்து நேராக வந்திருந்த மகன் மூன்று பேரும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மயக்கம் தெளிந்து, சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். சாயந்திரத்துக்குள் நிறம் வெளுத்து, பையில் பாதி ஏறியது. நர்ஸ் வந்து அளந்துவிட்டு, நல்லாப் போகுதும்மா என்று சொன்னதும் அண்ணன் எழுந்து வெளியே போனார். வராந்தாக் கோடியில் சுவரைப் பார்த்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போகவில்லை. எனக்கு இரக்கம் வந்தது, கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் எடுத்த பரிசோதனையில் அந்த எண், பழைய இடத்துக்கும் மேலே ஓரிடத்தில் நின்றுகொண்டது. இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குழாய் நகராமல் இருக்கிறதா என்று அவ்வப்போது வந்து காட்ட வேண்டும், வலி மாத்திரையைக் கையால் தொடக் கூடாது என்றார்கள். அந்த மெலிசான கிளையை மூடியதில் போன பாகத்துக்காக எனக்கு யார் மேலும் வருத்தமில்லை. உயிருக்காகக் கொடுத்தது அது, சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள். முதல் பயணத்தில் போனது இருக்கிறதே, அது யாருக்காகவும் போகவில்லை. நான்கு ஆண்கள் சங்கடப்படக் கூடாது என்று போனது. அதை நான் மன்னிப்பதாக இல்லை. அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது வெயில் கொளுத்தியது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தாள். பெருந்துறை நெருங்கும்போது முன் சீட்டிலிருந்த கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். பின்னால் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏனுங்கண்ணி, எங்காச்சும் நிறுத்தட்டுங்களா?"

அக்கா பாட்டில் மூடியைத் திருகினாள்.

"இப்ப வேண்டாமுங்க. வந்தாச் சொல்லறேன்."